ஓட்டமும் எதிர்கொள்ளலும்

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவில் ஆற்றில் நீர் ஓடும். கிழக்கே செல்லச் செல்ல, வானம் பார்க்கும் கரிசல் நிலம் விரியும். அந்நிலத்தின் வாழ்வை எழுதியவர் பூமணி. 1982இல் வெளிவந்த அவரது ‘வெக்கை’ புதினத்தில், தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான நிலவுடைமையாளரைக் கொன்ற 15 வயதுச் சிறுவன், தந்தையோடு காடுமேடுகளில் ஒளிந்து திரிகிறான். கதை முழுவதும் ஓட்டமே. எனினும், இதனை வாழ்வை எதிர்கொள்ளும் கதை என்றே கொள்ளல் வேண்டும். ஏனெனில், தலைமறைவு நாள்களிலும் தந்தையும் மகனும் சமைத்து உண்கின்றனர். குடும்பத்தை நினைந்து பேசுகின்றனர். இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையத் தாமே புறப்படுகின்றனர். அரிவாளை ஓங்கச் சினம் போதும். செய்த செயலுக்குப் பொறுப்பேற்கவோ துணிவு வேண்டும். மாணவர்களே, அச்சிறுவனின் பழியுணர்ச்சியை அன்று, அவன் நீதிமன்றம் நோக்கி எடுத்துவைத்த அடிகளையே நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.