குளிர் அறையில் 238 டிகிரி

2024 மே மாதம் மலேசிய அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்காவும் வந்துவிட்டது. பிறர் வடிவமைத்த சில்லுகளைப் பினாங்கில் பொதிந்து, சோதித்து அனுப்பியே பழகிய நாடு இப்போது தானே வடிவமைக்கப் பார்க்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த 60,000 பேருக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

மேருவில் என்னிடம் படிக்க வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள், சில்லு வடிவமைக்கும் மொழிகளான விஎச்டிஎல், வெரிலாக் இரண்டில் விஎச்டிஎல் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். "அக்கா, வெரிலாக்கில் ஒரே வரியில் முடிஞ்சிரும். இது தொட்டதுக்கெல்லாம் டைப் மாத்தச் சொல்லுது." வேலைக்கு வெரிலாக்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. இருந்தும் நான் விஎச்டிஎல்லில்தான் தொடங்குவேன்.

போர்ட் கிள்ளானில் மீன் வைக்கும் ஒரு குளிர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. 8 பிட் சென்சார் அதை 11101110 என்று அனுப்பும். குறியுள்ள எண்ணாகப் படித்தால் மைனஸ் 18. குறியில்லா எண்ணாகப் படித்தால் 238. விஎச்டிஎல்லின் நியூமெரிக் எஸ்டிடி நூலகத்தில் இந்த பிட்டுகள் வெறும் பிட்டுகள்தான். இது குறியுள்ள எண்ணா, குறியில்லா எண்ணா என்று நீங்கள் எழுதிக்கொடுக்காத வரை கணக்குப் போடவே விடாது. அப்படி எழுதுவதால் சர்க்யூட்டில் ஒரு கம்பிகூடக் கூடுவதில்லை. வெரிலாக் எதுவும் கேட்காது. ஒப்பிடும் இரண்டில் ஒன்று குறியில்லாததாக இருந்தால், மற்றதையும் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடும். மீன் உறைந்து கிடக்க, அலாரம் 238 டிகிரி என்று அலறும்.

விஎச்டிஎல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. குறியுள்ள 8 பிட் எண்ணை ரீசைஸ் கொண்டு 6 பிட்டுக்குச் சுருக்கினால், 100 சத்தமில்லாமல் 4 ஆகிவிடும்.

விஎச்டிஎல்லின் இலக்கணம் பெரும்பாலும் ஏடா மொழியிலிருந்து வந்தது. 1996 ஜூன் 4 அன்று சிதறிய ஏரியான் 5 ராக்கெட்டின் நிரலும் ஏடாதான். 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. இத்தனைக்கும் ஆபத்தான மாற்றங்கள் ஏழு என்று பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கணினியின் சுமையைக் குறைக்க நான்குக்கு மட்டும் காவல் போட்டார்கள். மீதி மூன்றும் எல்லை தாண்டாது என்று நம்பினார்கள். பழைய ஏரியான் 4-ல் அவை தாண்டியதும் இல்லை. புதிய ராக்கெட்டின் வேகம் வேறு.

ஆகவே பயிற்சி நடத்துவோருக்கு என் கோரிக்கை இது. டைப் மாற்றும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அந்த எண் எந்தச் சிறுமத்திலிருந்து எந்தப் பெருமம் வரை போகும் என்று மாணவர் தன் கையால் எழுதட்டும். அதற்குத் தனியாக மதிப்பெண் கொடுங்கள். வெரிலாக் மூன்றாம் மாதம் வரட்டும்.