சடங்கு வேறு, சட்டம் வேறு

களவில் கூடியவர் பின்னர்ப் பொய்யுரைத்துக் கைவிடும் நிலை தோன்றியதால்தான் சான்றோர் கரணம் வகுத்தனர் என்கிறது தொல்காப்பியம். கரணம் என்னும் மணச்சடங்கு, ஊரறியச் செய்யும் உறுதிமொழி. கைவிடப்படுவோர்க்கு ஒரு காப்பு. இன்று அக்காப்பை அளிப்பது அரசின் பதிவேடு. ஆயினும் சடங்கையும் பதிவையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் நம்மிடையே பலர். ஒரே பாலினத்தவர் இணைந்து வாழ்வதை அரசு ஏற்க வேண்டுமா என்ற வினா எழுந்தவுடன், 'மதம் என்னாவது?' என்று அவர்கள் பதறுவதற்கு இம்மயக்கமே காரணம்.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. தந்தை பெரியாரின் இயக்கத்தார் 1928 முதல் புரோகிதரின்றி மணம் நடத்தினர். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்றது. சடங்கில்லை என்பதால் மனைவி சட்டத்தின் முன் மனைவியல்லள் ஆனாள்! 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றியது. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறி மாலை மாற்றினாலே மணம் செல்லும். முன்னர் நடந்தவையும் செல்லும் என்றது. அதனால் திருவரங்கத்திலோ நம் வையம்பட்டியிலோ வைதிக மணம் நின்று போயிற்றா? தீவலம் வருவோர் வருகின்றனர். மாலை மட்டும் மாற்றுவோர் மாற்றுகின்றனர். எவர் மணமும் எவராலும் மாசுபடவில்லை.

சடங்கு நடந்தும் பதிவு மறுக்கப்பட்ட கதையும் இங்குண்டு. 2018இல் தூத்துக்குடிக் கோயிலில் ஓர் இளைஞர் திருநங்கை ஒருவரை மணந்தார். பதிவு அலுவலகம் மறுத்தது. 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்து, பதிவு செய்யப் பணித்தது.

ஒரே பாலினத்தவர்க்கு அந்த வாயிலும் திறக்கவில்லை. 17-10-2023 அன்று உச்சநீதிமன்றம், இது சட்டமியற்றும் மன்றங்களின் பணி என்று ஒதுங்கிக் கொண்டது. 2024இல் மைய அரசு, குடும்ப அட்டையில் இவ்விணையரை ஒரே குடும்பமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2025 மே திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, பெற்றோர் தடுத்து வைத்த இளம்பெண்ணுக்குத் தன் துணையோடு செல்லும் உரிமையை உறுதி செய்தது.

அரிசி வாங்க ஒரே குடும்பம். ஆனால் ஒருவர் இறந்தால் மற்றவர் சட்டப்படி வாரிசல்லர்! இருபது ஆண்டுகள் ஒன்றாக உழைத்துக் கட்டிய வீடு, உயில் இல்லையேல், எட்டிப் பாராத உறவினர்க்குப் போய்விடும். இது எவ்வகை நீதி?

எந்த அர்ச்சகரையும், பாதிரியாரையும், காஜியாரையும் இவர்களுக்கு மணம் செய்துவைக்குமாறு வற்புறுத்த வேண்டாம். தம் நெறிப்படி ஏற்கவும் மறுக்கவும் மதங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அரசு அனைவரிடமும் வரி பெறுகிறது. அதன் பதிவேடு அனைவர்க்கும் பொது. திருமணம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 1967இல் நீதிமன்றம் கைவிட்டோரைச் சட்டமன்றம் கைதூக்கி விட்டது. அதே சட்டமன்றம் மீண்டும் ஒருமுறை வழிகாட்டுமாயின், அது தமிழகத்துக்குப் புதுமையன்று. தன் வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும்.