நிலக்கரிக்குக் கறுப்புத் தாள் எடுக்காதீர்கள்

மேல்பட்டாம்பாக்கத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைக் கொலாஜாக, அதாவது தாள்களைக் கிழித்து ஒட்டிய படமாகச் செய்யச் சொன்னால், எல்லாரும் முதலில் கறுப்பு கிளேஸ் பேப்பரைத்தான் எடுப்பார்கள். உடனே ஒரு பழுப்பு நிலக்கரிக் கட்டியை வெயிலில் வைத்துக் காட்டுவேன். காய்ந்த கட்டி நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். விரலில் ஒட்டும் பொடி இன்னும் வெளிர். அதை மூடிக் கிடக்கும் மண்ணோ சிவப்பும் காவியும் வெளிர்மஞ்சளுமாகப் படிப்படியாக இறங்கும். கடையில் விற்கும் வண்ணத்தாள் பாக்கெட்டில் இதில் ஒரு நிறம்கூடக் கிடையாது.

கைவினை வகுப்புக்கு அந்தப் பாக்கெட்டை வாங்கி வரச் சொல்லும் வழக்கத்தைப் பள்ளிகள் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாக்கெட்டில் எல்லா நிறமும் ஒரே சத்தத்தில் கத்துகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கப் பிள்ளைக்கு இடமே இல்லை. கொலாஜில் பாதி வேலை அந்த யோசனைதான்.

தாளுக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம்? சிவகாசிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டுக்கு அட்டை போட்ட பிரவுன் ஷீட், சிமெண்ட் மூட்டையின் உள்தாள், மழையில் சுவரிலிருந்து உரிந்து தொங்கும் போஸ்டர். 1912இல் பிரான்சில் ஓவியர் ஜார்ஜ் பிராக் கடையில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளைப் பார்த்து வாங்கி, வெட்டித் தன் சித்திரத்தில் ஒட்டினார். நவீன ஓவியத்தில் தாள் ஒட்டும் வழக்கம் அப்படிச் சாதாரணத் தாளில்தான் தொடங்கியது. நம் பக்கத்திலும் ஓவியர் ரவிவர்மாவின் அச்சுப்படங்களுக்குச் சரிகையும் மணியும் ஜிகினாவும் ஒட்டிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. அவர்களை யாரும் கலைஞர் என்று சொல்லவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

கல்யாணப் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு முகம் மேலே இருக்க, வலக்கையில் உள்ள துண்டை நம் பக்கமாக இழுத்துக் கிழித்தால் அந்தத் துண்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். எதிர்ப்பக்கமாகத் தள்ளிக் கிழித்தால் விழாது. பெண்ணையாற்று நீர்விளிம்புக்கு அந்த வெள்ளை வேண்டும், முந்திரிக்காட்டு நிழலுக்கு வேண்டாம். இதைக் கண்டுகொண்ட பிள்ளை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடும்.

நிறத்தில் நான் கறார். நான்குக்கு மேல் கூடாது. மண்நிறம் இரண்டு பெரும்பகுதியை மூட வேண்டும். கரும்புத் தண்டின் ஊதா அதைவிடக் குறைவு. பண்ருட்டிப் பலாச்சுளையின் மஞ்சள் ஓரிரு கிழிசல் போதும். ஒட்டுவதற்கு முன் போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் நிற்காது. ஒரு தாளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி 1950களின் பிற்பகுதியில் பார்வையை முழுவதும் இழந்தவர். அதன் பிறகும் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிப் படைத்தார். அவர் படங்களில் நிறங்கள் சில, வடிவங்கள் பெரியவை. பார்வை உள்ள நாம் பாக்கெட்டிலுள்ள பன்னிரண்டு நிறத்தையும் ஒரே பக்கத்தில் கொட்டுவானேன்?

செய்தித்தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிவிடும். மங்கினால் பரவாயில்லை என்கிற இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். நெடுநாள் வைத்திருக்க வேண்டிய படத்துக்கு அடித்தாளாகப் பருத்தித் துணிக் கூழில் செய்த தாள் நல்லது. பக்கத்தில் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில் 1959 முதல் கையால் தாள் செய்கிறார்கள். கிளேஸ் பேப்பரும் வெயிலில் வெளுக்கும். பட்டம் ஒட்டும் மெல்லிய தாள் பசை ஈரத்தில் சாயம் விடும். தெரிந்து பயன்படுத்தினால் அந்தக் கசிவே அழகு.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் பொருள் பட்டியல் எழுதும்போது வண்ணத்தாள் பாக்கெட்டை அடித்துவிடுங்கள். பழைய காலண்டர் ஒன்று, கல்யாணப் பத்திரிகை இரண்டு, வீட்டில் கிடைக்கும் ஏதாவது ஒரு பழுப்புத் தாள் என்று எழுதுங்கள். மைதாப் பசையைப் பள்ளியிலேயே காய்ச்சிக்கொள்ளலாம்.