ஓய்வெடு என்று சொல்லும் வைத்தியம்

கிர்க்கி, தாபோடி குடியிருப்புகளில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! "பீடி குடித்தான், அனுபவிக்கிறான்" என்று ஏசுகிறார்கள். பீடியே தொடாத நம் தாய்மாருக்கு இந்த இருமல் எங்கிருந்து வந்தது? அடுப்புப் புகையைக் கேளுங்கள், பட்டறைத் தூசியைக் கேளுங்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் 25 முதல் 45 சதவீதம் பேர் புகைக்காதவர்கள் என்று 2009-இல் லான்செட் இதழில் எழுதியவர்களில் ஒருவர் நம் பூனா டாக்டர் சந்தீப் சால்வி.

வைத்தியம் என்ன? உறிஞ்சும் மருந்து, "ஓய்வெடு" என்ற புத்திமதி. மருந்து வேண்டியதுதான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை கரையும். பிறகு நாலடிக்கே மூச்சு முட்டும். இதற்குப் பயிற்சி உண்டு: ஆறு முதல் எட்டு வாரம், டாக்டர் மேற்பார்வையில் நடை, கைகால் பயிற்சி, உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடுதல். நுரையீரல் புதிதாகாது, நடக்கும் தூரம் கூடும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2015-இல் 65 சோதனைகளை அலசி, பலன் உண்டென்று உறுதி சொன்னது. கோடி ரூபாய் எந்திரமா கேட்கிறோம்? ஒரு தாழ்வாரம், நாலு நாற்காலி, பயிற்சி தெரிந்த ஆள்!

பயிற்சிக்கு வரும் நாளின் கூலி? ரயில்வேக்காரனான எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்ச் சலுகை ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதம். 80 சதவீதம் தரும் நீடித்த சலுகையோ, இந்நோய்க்கு இருதயமும் தளர்ந்த பிறகுதான்! அதுவரை காத்திரு என்பது என்ன நியாயம்? அட்டையே இல்லாத கான்ட்ராக்ட் தொழிலாளி கதை தனி.

மூச்சு வாங்குகிறவரின் வயது, வேலை, எத்தனை வருடம் என்ற விவரத்தைச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். மனு வெறும் காகிதமாகப் போகக்கூடாது.