கொலையாளியின் மனமும் காவல் நிலையப் பதிவேடும்

நிதாரி கொலை வழக்குகளில் எஞ்சியிருந்த கடைசித் தண்டனையையும் 2025 நவம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 13 வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் சுரேந்தர் கோலி. 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் தூக்கிலிட எல்லா ஏற்பாடுகளும் முடிந்த நிலையில், நள்ளிரவில் பிறப்பிக்கப்பட்ட தடை உத்தரவால் உயிர் தப்பியவர். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விடுதலையானார். அவர் வேலை பார்த்த வீட்டின் உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேர் 2023-லேயே விடுவிக்கப்பட்டுவிட்டார். நொய்டா 31-வது செக்டாரில் டி-5 எண்ணுள்ள அந்த வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டது உண்மை. ஆனால், சட்டத்தின் பார்வையில் அவர்களைக் கொன்றவர் என்று இன்று எவரும் இல்லை.

இந்த விபரீத முடிவுக்கு நீதிமன்றங்களைக் குறை கூறுவோர் உண்டு. பிழை அங்கே நிகழவில்லை. எலும்புகள் கிடைத்த 2006 டிசம்பர் 29-க்கு முன்பும், அதையடுத்த சில வாரங்களிலும் நிகழ்ந்தது.

அந்த வாரங்களை நினைவுகூர்வோருக்குத் தெரியும். நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: கொலையாளியின் மனம். சிறுவயது வடு, அடக்கப்பட்ட இச்சை, மனிதக் கறி என்று நிபுணர்களும் நிபுணர் அல்லாதோரும் அலசித் தள்ளினர். கைதான இருவரும் காந்திநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு நார்கோ சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். சோதனை அறையில் மயக்க நிலையில் உதிர்ந்ததாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள், நீதிமன்றம் பார்க்கும் முன்பே நாட்டின் வரவேற்பறைகளுக்கு வந்து சேர்ந்தன.

குற்றவாளியின் உளவியல் சித்திரத்தை வரைவது என்பது இதுவல்ல. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பில் 1970-களில் அது ஒரு முறையாக உருப்பெற்றபோது, அதன் அடிப்படை எளிமையானது. குற்றவாளி யாரென்று தெரியாத நிலையில், குற்றம் நடந்த இடமும் பலியானவர்களின் பொதுத்தன்மையும் சொல்லும் செய்தியைக் கொண்டு, தேட வேண்டிய திசையைச் சுருக்குவதே நோக்கம். சிறையிலிருந்த 36 கொலையாளிகளிடம் நடத்திய நேர்காணல்கள் அதற்கு ஆதாரமாயின. திட்டமிட்டுக் கொல்பவர், திட்டமின்றிக் கொல்பவர் என்ற புகழ்பெற்ற பாகுபாடு அங்கிருந்து பிறந்ததுதான். 100 தொடர் கொலையாளிகளின் குற்றங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கேன்டரும் அவரது குழுவினரும், அந்தப் பாகுபாடு தரவுகளில் நிற்கவில்லை என்று 2004-ல் எழுதினர். இத்தனைக்கும் கேன்டர் இத்துறையின் எதிரி அல்ல; 1986-ல் லண்டன் காவல் துறையின் நீண்ட சந்தேகப் பட்டியலைச் சுருக்க உதவியவரே அவர்தான்.

தேடலுக்கு உதவும் கருவியைச் சாட்சியமாக்கினால் என்ன நேரும் என்பதற்கும் லண்டனே உதாரணம். 1992-ல் விம்பிள்டன் திடலில் ஓர் இளம் தாய் கொல்லப்பட்டார். உளவியல் நிபுணர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்திய ஒருவரைக் காவல் துறை குறிவைத்தது. பெண் காவலர் ஒருவரை அவருடன் நெருங்கிப் பழகவைத்து வாக்குமூலம் பெற முயன்றது. 1994-ல் நீதிபதி அதை ஏற்க மறுத்து வழக்கைத் தள்ளினார். மரபணுச் சோதனை சுட்டிக்காட்டிய ராபர்ட் நேப்பர் 2008-ல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதற்கிடையே, 1993-ல், வேறொரு தாயையும் அவரது நான்கு வயது மகளையும் அவர் கொன்றிருந்தார்.

நிதாரியில் வரிசையே தலைகீழானது. ஆள் முதலில் கிடைத்தார். அவருக்கேற்ப மனம் பிறகு வரையப்பட்டது. 2011 பிப்ரவரியில் மரண தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே அவரைத் தொடர் கொலையாளியாகத் தோன்றுபவர் என்று வர்ணித்தது. அந்த வர்ணனைக்குக் கீழே என்ன இருந்தது என்பதை 2023 அக்டோபரில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. சுமார் 60 நாள் காவலுக்குப் பிறகு, உரிய மருத்துவப் பரிசோதனையும் சட்ட உதவியும் இன்றிப் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம்தான் வழக்கின் முதுகெலும்பாக இருந்தது. உடலுறுப்பு வணிகக் கோணத்தை விசாரிக்குமாறு மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த குழு பரிந்துரைத்திருந்தும், அது முறையாக ஆராயப்படவில்லை. ஏழைப் பணியாளரை அரக்கனாகச் சித்திரித்து எளிய வழியைப் புலனாய்வுத் துறை தேர்ந்துகொண்டது என்று நீதிபதிகள் கடிந்துரைத்தனர். அந்த விடுதலைகளை எதிர்த்த மேல்முறையீடுகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நார்கோ சோதனையின் கதையும் இதுவே. சம்மதமின்றி எவரையும் அதற்கு உட்படுத்தக் கூடாது என்று 2010 மே 5-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊசி மருந்தில் உண்மையைத் தேடிய காலத்தில், சாக்கடையிலும் வீட்டிலும் தேட வேண்டிய தடயங்கள் போதிய கவனமின்றிக் கையாளப்பட்டன.

இவ்வளவுக்கும் கொலையாளியின் மனத்தை வாசிக்க வேண்டிய அவசியமே எழாமல் செய்திருக்க முடியும். தொடர் கொலை ஆய்வில் முதல் பாடம், பலியானவர்களைப் படிப்பது. யார், எங்கே, எந்த இடைவெளியில் மறைகிறார்கள்? நிதாரியில் இதற்கான விடை ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைக்க வந்த வீட்டு வேலைக்காரர்கள், கூலித் தொழிலாளர்கள், ரிக்ஷா ஓட்டுநர்கள் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே குடியிருப்பிலிருந்து ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போயினர். சுமார் இரண்டு ஆண்டுகள் பெற்றோர் காவல் துறையின் கதவைத் தட்டினர். எங்காவது ஓடிப்போயிருப்பாள் என்பது போன்ற பதில்களே அவர்களுக்குக் கிடைத்தன. அப்புகார்களை ஒரு வரைபடத்தில் குறித்திருந்தால், எந்த உளவியல் நிபுணரின் துணையும் இன்றி அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

காவல் துறைக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2006 நவம்பரில் அதே நொய்டாவில், பன்னாட்டு மென்பொருள் நிறுவனமொன்றின் தலைமை அதிகாரியின் மூன்று வயது மகன் கடத்தப்பட்டான். அரசு இயந்திரமே முடுக்கிவிடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் குழந்தை வீடு திரும்பியது. திரும்பியதில் எவருக்கும் மகிழ்ச்சியே. நிதாரியின் பெற்றோர் கேட்டதும் அதையேதான். 1960-களில் பம்பாயின் புறநகரை நடுங்கவைத்த ராமன் ராகவ் தேர்ந்தெடுத்ததும் நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கியவர்களைத்தான். தேடுவதற்கு ஆளில்லாதவர் யார் என்பது கொலையாளிக்குத் தெரிகிறது. அதைத் தெரியப்படுத்துவது அவன் மனநோய் அல்ல, நம் நிர்வாகம்.

காணாமல் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே 10-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவல் நிலையங்களைக் கணினி வழியே இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2009-லேயே ஒப்புதல் அளித்துவிட்டது. வெவ்வேறு ஊர்களின் வன்குற்றங்களை ஒப்பிட்டுத் தொடர்பு காணும் தரவுத்தளத்தை எஃப்.பி.ஐ. 1985 முதல் நடத்திவருகிறது. நம்மிடம் இயந்திரம் இருக்கிறது. ஆனால், நிலைய எழுத்தர் பேனாவைத் திறக்க மறுத்தால் கணினிக்குள் எதுவும் செல்லாது. புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரி எத்தனை பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது என்பதை மாநில அரசுகள் ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கட்டும்.

நிதாரியின் எச்சங்கள் ஐதராபாத் ஆய்வகத்தில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, குழந்தைகள் சிலர் அடையாளம் காணப்பட்டனர். இறந்தவர் யார் என்பதை அந்த அறிக்கைகள் சொல்லிவிட்டன. கொன்றவர் யார் என்பது நிறுவப்படாததற்கு உச்ச நீதிமன்றமே வருத்தம் தெரிவித்திருக்கிறது. இருவரின் விடுதலை அந்தக் கேள்வியை முடித்துவைக்கவில்லை. கைவிடப்பட்ட கோணங்களிலிருந்து புதிய விசாரணையைத் தொடங்க சி.பி.ஐ.க்கு மத்திய அரசு எப்போது உத்தரவிடப்போகிறது?