கருவாட்டுப் பெட்டியும் விஞ்ஞானக் கல்வியும்

விழாக் காலங்களிற் பள்ளிகளுக்குப் பொருளுதவுதல் பழைய மாணவராகிய எமது மரபு. சூரிய மின்தகடுகளைக் கூரைமேற் பொருத்திக் கொடுப்பதும் இன்று அவ்வுதவிகளுள் ஒன்றாயிற்று. நன்றே, ஆயினும், மாணவர் கைபடாத கருவி அவர்தம் அறிவை வளர்க்காது என்பது எமது துணிபு.

சான்றாக, வன்னிக் கரையிலுள்ள கொக்கிளாயை எண்ணிப் பார்ப்போம். 1984இல் ஊர் நீங்கிய மக்கள், 2009இல் போர் ஓய்ந்த பின்னரே ஆங்கு மீண்டனர். களப்பையும் கடலையும் நம்பிய அவ்வூரில் மீனைக் கருவாடாக்குவது வெய்யிலே. அங்குள்ள மாணவன் சூரிய சக்தியை ஏட்டில் மட்டும் மனனஞ் செய்தல் தகுமோ?

ஒரு மரப்பெட்டி, உள்ளே கறுப்பு வர்ணம், மேலே சாய்வாகக் கண்ணாடி, கீழும் மேலும் காற்றுத் துளைகள். சூரிய உலர்த்தி இவ்வளவே. சம நிறையான மீனைப் பெட்டியிலும் வெளியிலும் இட்டு, மணிக்கொருமுறை நிறுத்துக் குறிக்கட்டும். ஒளி வெப்பமாவதையும், சூடேறிய காற்று ஈரத்தைச் சுமந்து மேலெழுவதையும் அவனே உணர்வான். மணலும் இலையானும் அண்டாத கருவாடு வீட்டுக்கும் ஊதியமாகும்.

பரீட்சைக்கு நேரம் போதாதென்பர் சிலர். கையாற் செய்து கற்றது பரீட்சை மண்டபத்திலும் மறவாது. மலாவி நாட்டு வில்லியம் கம்குவம்பா, கட்டணஞ் செலுத்த இயலாது பள்ளியை விட்ட சிறுவர். நூலகத்து நூலொன்றின் துணையாற் பழைய சைக்கிள் உறுப்புகளைக் கொண்டு காற்றாலை அமைத்து வீட்டில் விளக்கேற்றினார்.

ஆதலின் அன்பர்காள், தகட்டோடு வாளும் சுத்தியலும் தராசும் வெப்பமானியும் வழங்குவோம். தகடு ஒருநாள் பழுதாகும். அதனைத் திருத்தவல்ல கைகளே ஊருக்கு நிலைத்த செல்வம்.