பிடரியும் பாதமும்

கோப்பாய்ச் செம்மண் தோட்டங்களிலே வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறும் கமக்காரர், வாய்க்கால் ஈரத்தில் வெறுங்காலுடன் நெடுநேரம் நின்று உழைப்பவராதலால், சலரோகம் சருமத்தைப் பாதிக்கும் விதத்தைக் குடாநாட்டு வைத்தியர்களாகிய நாம் ஆராயப் புகும்போது, அவருடைய பாதத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். பலகாலம் கட்டுக்கடங்காத சீனி, ஸ்பரிச உணர்வைத் தரும் நரம்புகளோடு வியர்வையைச் சுரப்பிக்கும் நரம்புகளையும் பழுதாக்குகிறது. வியர்வை வற்றிய உள்ளங்கால் காய்ந்து தடித்துக் குதியிலே வெடிக்க, விரலிடுக்குகளோ நீரில் ஊறி வெளுத்துப் பங்கசுக்கு இடங்கொடுக்கின்றன. இவ்விரு வழியாலும் நுழையும் கிருமி, நோவறியாத காலிலே, காய்ச்சல் கண்ட பின்னரே வெளிப்படுவதுண்டு. குதிக்கு எண்ணெய் பூசச் சொல்லும் நாம், விரலிடுக்கில் அது படலாகாது, அங்கே ஈரம் உலரத் துடைத்தலே வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மண்ணிலே வாழும் மெலியோயிடோசிசுக் கிருமி இலங்கையிலும் உண்டு. அது சலரோகிகளையே பெரிதும் பற்றுவதால், ஆறாத சீழ்க்கட்டியைக் கீறுமிடத்துச் சீழை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடலாகாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவ காலத்திலோ, நடுப்பகல் வெயிலிற் கொதிக்கும் வீதி மணலில் வலம்வரும் அடியாருள், உணர்விழந்த பாதமுடையார் சூட்டை அறியார்; வீடு திரும்பியபின் கொப்புளத்தைக் கண்டே அறிவர். பக்தியைத் தடுப்பது நம் பணியன்று. காலைப் பூசைக்குச் செல்லுமாறும், திரும்பியதும் உள்ளங்காலை வீட்டாரைக் கொண்டு பார்ப்பிக்குமாறும், கொடியேற்றத்துக்கு முன்வரும் கிளினிக்கிலேயே சொல்லிவைப்பது நம் பணி.

இளவயதினரிடத்தில் முதலில் நோக்கவேண்டியது பிடரி. இன்சுலின் மிகுதியாற் சருமக் கலங்கள் பெருகி, பிடரியும் கமக்கட்டும் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுக்கின்றன. இரத்தத்திலே சீனி ஏறுவதற்குப் பல்லாண்டு முன்னரும் இக்குறி தோன்றக்கூடும். அழுக்கென்று கருதிப் பிள்ளையின் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய தாய்க்கு, வெளுப்பிக்கும் களிம்பொன்றை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடும் வைத்தியர், நோயைத் தடுத்திருக்கக்கூடிய காலத்தையே கைநழுவ விடுகிறார். இனி, சலரோகிகளின் கணைக்காலிற் காணும் கபிலத் தழும்புகள் சிகிச்சை வேண்டாதன. ஆயினும் கண்டால் கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கவேண்டும். அந்தரங்க உறுப்பில் மீண்டும் மீண்டும் வரும் கடியையோ, நோயாளர் நாணத்தாற் சொல்லார். நாமே தனிமையிற் கேட்டறியவேண்டும்.

சனக்கூட்டத்தில் இவற்றுக்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். சாரத்தையோ சேலையையோ சற்று உயர்த்தி, இரு பாதங்களையும் விரலிடுக்குவரை பார்த்து, 10 கிராம் இழையால் உள்ளங்காலைத் தொட்டறிதல் சில நிமிட வேலையே. காத்திருக்கும் வேளையில் தாதியரும் செய்யலாம். கிளினிக் கொப்பியிலே சீனியின் அளவுக்குப் பக்கத்திலேயே பாதத்தின் நிலையையும் எழுதிவிட்டால், அடுத்த தவணையில் வேறொரு வைத்தியர் பார்த்தாலும், வெடிப்பு ஆறியதா ஆழ்ந்ததா என்று ஒப்பிட்டறிய அவருக்கு வழியுண்டு.